‘குடு’ பழக்கத்துக்கு மருந்து உண்டு: அது தோட்டம் வரை வர என்ன வேண்டும்?

மலையகத்தில் போதை என்று பேச்செடுத்தால் அது பெரும்பாலும் சாராயத்தில் தொடங்கிக் கசிப்பில் முடியும். இப்போது குடு, ஐஸ், மாத்திரை என்ற பெயர்களும் அந்தப் பேச்சில் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ‘போதைப்பொருள்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். உடம்புக்குள் போனபின் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. அதிலிருந்து மீளும் வழியும் வேறு.

இங்கே பேசப்போவது ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும்: ஓபியொயிட்கள். கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் அபின், அபினிலிருந்து பிரித்தெடுக்கும் மோர்ஃபினும் கோடீனும், மோர்ஃபினை இரசாயன முறையில் மாற்றிச் செய்யும் ஹெரோயின், முழுக்க முழுக்க ஆய்வுகூடத்தில் தயாராகும் ட்ரமடோல், பெதிடின், ஃபென்டனில் எல்லாம் இந்தக் குடும்பத்து உறுப்பினர்கள். நம் ஊரில் குடு என்றும் தூள் என்றும் சொல்வது ஹெரோயினைத்தான். ஐஸ் என்பது மெதம்ஃபெட்டமின்; அது இதில் சேராது. கஞ்சாவும் சாராயமும் சேராது. வீட்டுக்கு வீடு இருக்கும் பனடோலும் சேராது.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், குடுவுக்கு வேலை செய்யும் மருந்து ஐஸுக்கு வேலை செய்யாது. இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. பல ஆண்டுகளாகத் தினமும் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டவர்கள் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம்; நல்ல விஷயம். ஆனால் காலையில் கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர் மாலை போடுவதற்கு முன் டொக்டரைப் பார்க்க வேண்டும். ஹெரோயினை நிறுத்தும்போது நிலைமை மாறிவிடும்: செத்துவிடுவேன் போலிருக்கிறது என்பான், ஆனால் ஆரோக்கியமான இளைஞன் அதனால் இறப்பது அரிது. அவனுக்கு ஆபத்து வருவது பிறகு, எல்லோரும் ‘திருந்திவிட்டான்’ என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில். அதற்கு வருகிறேன்.

உடம்பில் நடப்பது என்ன

வலியைத் தணிக்க மூளை தானே சில பொருட்களைச் சுரக்கிறது. அவை வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை நம் விஞ்ஞானப் புத்தகங்கள் வாங்கிகள் என்று சொல்லும். ஓபியொயிட்கள் அதே வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலி குறையும், மனதில் ஒரு கதகதப்பு பரவும், கூடவே மூச்சின் வேகமும் குறையும். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது.

தொடர்ந்து எடுக்க எடுக்க மூளை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நேற்று போதுமாக இருந்த அளவு இன்று போதாது. எடுக்காவிட்டால் எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், எலும்புக்குள் உளைச்சல், வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம் பத்து நாளில் தணியும். இந்த நிலைக்கு வந்த ஒருவன் போதை ஏறுவதற்காக எடுப்பது குறைவு. விடிந்ததும் உடம்பு முறுக்காமல் பிரட்டுக்களத்துக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் போட வேண்டும் என்பதற்காகவே எடுப்பான். ‘மனசு வைத்தால் விட்டுவிடலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது அந்த ஆபத்து. பத்து நாள் பொறுத்து உடம்பு தேறிவிட்டது, ஆனால் மூளையின் ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். இடையில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வீட்டுக்கு வந்தவன், பழைய நண்பனைக் கண்டு பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதை அளவு மீறி இறக்கும் ஆபத்து அவர்களுக்கு அந்த மாநிலத்தின் ஏனைய மக்களைவிட 129 மடங்கு என்று அது கண்டது. அடைத்து வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

மருந்து என்றால் என்ன மருந்து

1960களின் நடுவில் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் டோல் என்ற மருத்துவரும் மேரி நைஸ்வாண்டர் என்ற உளமருத்துவரும் ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஓபியொயிட்தான். ஆனால் வாயால் உட்கொள்வது, மெதுவாக வேலை செய்வது, ஒரு நாள் முழுக்கத் தாங்குவது. ஏற்ற இறக்கம் இல்லாததால் ஆள் தெளிவாக இருப்பான், வேலைக்குப் போவான். பிறகு வந்த புப்ரெனோர்ஃபின் இன்னும் பாதுகாப்பானது. வாங்கிகளில் பாதியளவே வேலை செய்வதால், ஓரளவுக்கு மேல் எடுத்தாலும் மூச்சை அடக்கும் விளைவு அதற்கேற்பக் கூடுவதில்லை. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

‘ஒன்றை விட்டு இன்னொன்றா?’ என்ற கேள்வி வரும். சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின் கொடுப்பதை யாரும் அப்படிக் கேட்பதில்லை. நீண்ட நாள் வருத்தத்துக்கு நீண்ட நாள் மருந்து, அவ்வளவுதான். பிரான்ஸ் இதை அப்படித்தான் பார்த்தது. 1990களின் நடுவில் அங்கே சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரெனோர்ஃபின் எழுதிக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அளவு மீறிய போதையால் ஏற்பட்ட மரணங்கள் அங்கே ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தன. பெரிய நிபுணரைத் தேடி நகரத்துக்கு ஓடாமல், பக்கத்து டொக்டரிடமே மருந்து கிடைத்ததுதான் விஷயம். இந்தியாவின் பஞ்சாபிலும் 2017 முதல் வெளிநோயாளர் கிளினிக்குகளில் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு மருந்து நலொக்சோன். இது சிகிச்சை மருந்து இல்லை, உயிர் காக்கும் மருந்து. மூச்சு நின்றுபோகும் நிலையில் கொடுத்தால் ஓபியொயிட்டை வாங்கிகளிலிருந்து தள்ளிவிட்டுச் சில நிமிடங்களில் மூச்சைத் திரும்ப வரவைக்கும். அதன் வேலை ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும் என்பதால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

இலங்கையில் மெதடோன், புப்ரெனோர்ஃபின் சிகிச்சை பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஆலோசனையும் விடுதியில் தங்கவைக்கும் புனர்வாழ்வும்தான். சட்டத்தின் அடிப்படை 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இல் அது கடுமையாக்கப்பட்டு, கடத்தலுக்கு மரண தண்டனை வரை வந்தது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டில் உருவானது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் தானாக முன்வந்து சிகிச்சை பெறவும், நீதிமன்றக் கட்டளையால் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழிவைத்தது. காகிதத்தில் இரண்டு கதவுகள். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் முதல் கதவைக் கண்டுபிடிக்க முடியாதவனுக்கு இரண்டாவதுதான் திறக்கும், அதுவும் பொலிஸ் ஜீப்பின் வழியாக.

பல்கலைக்கழகம் கெடுத்த கதையும் உண்டு

பல்கலைக்கழகங்கள் எப்படி உதவலாம் என்று சொல்வதற்கு முன், ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சிறு தாள் எப்படிக் கேடாய் முடிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1980இல் பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். மொத்தம் ஐந்து வாக்கியம். ஆஸ்பத்திரியில் ஓபியொயிட் வகை மருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், அடிமையானவர்கள் என்று நன்றாகப் பதிவானோர் நால்வர் மட்டுமே என்றது அது. வார்டில் படுத்திருந்தவர்கள், தாதியின் கையால் மருந்து பெற்றவர்கள் பற்றிய கணக்கு அது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த நிபந்தனையை மறந்துவிட்டு, ‘வலிக்குக் கொடுத்தால் அடிமையாக மாட்டார்கள்’ என்று பொதுவாக எடுத்துக்கொண்டார்கள். 1996இல் பெர்டியூ நிறுவனம் ஒக்ஸிகொன்டின் என்ற ஓபியொயிட் வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இந்த நம்பிக்கை அதற்கு வாய்ப்பாக அமைந்தது. 2007இல் அந்த நிறுவனம், மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2017இல் டொரொன்டோ ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது அந்த ஐந்து வாக்கியக் கடிதம் 608 இடங்களில் மேற்கோளாகி இருந்தது. பெரும்பாலானவை ஆஸ்பத்திரி என்ற விவரத்தைச் சொல்லவே இல்லை. 2021இல் மட்டும் அமெரிக்காவில் போதை அளவு மீறி ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலான மரணங்களில் ஓபியொயிட் இருந்தது.

நமக்கு இதில் என்ன? தோட்டத்தில் வலி என்பது தொழிலோடு வருவது. மழையிலும் பனியிலும் சரிவில் நின்று, தலையில் கயிறு மாட்டிய கூடையோடு கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இடுப்பும் கழுத்தும் நோகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டவுன் பாமசியில் துண்டு இல்லாமல் ‘உடம்பு நோவுக்கு’ என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ட்ரமடோல், கோடீன் போன்றவை கலந்துவிடாமல் பார்ப்பது பாமசிக்காரரின் கையில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்களுக்கு இந்த பொஸ்டன் கடிதக் கதையை ஒரு பாடமாகவே வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பயம் மறுபக்கமும் சாயக் கூடாது. புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து மோர்ஃபின் எழுதிக் கொடுத்தால், ‘ஐயோ, அது குடு மருந்து’ என்று வீட்டார் ஒளித்துவைத்துவிட வேண்டாம். அங்கே அது கொடுக்க வேண்டிய மருந்துதான்.

டிஸ்பென்சரியிலிருந்து கண்டி வரை

மலையகத்தில் சுகாதாரத்துக்கு ஒரு ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் தோட்டத்து டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவிச்சியும். மேலே பிரதேச வைத்தியசாலை. அதற்கு மேல் டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடத்தை 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு நுவரெலியா, பதுளை, கடைசியில் கண்டி. போதைச் சிகிச்சை இந்த ஏணியின் உச்சியில் இருக்கிறது. மேற்சொன்ன சபையின் சிகிச்சை நிலையங்களில் ஒன்று கண்டியில்தான். மஸ்கெலியாவில் ஒரு மேற்பிரிவுத் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போய் வர ஒரு முழு நாள் போகும். அந்த நாளின் பேர் போகும். பஸ் காசு போகும். மாதம் இரண்டு தடவை இதைச் செய்ய முடிந்த குடும்பம் எது?

சிகிச்சையை இரண்டு படி கீழே இறக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. இது கற்பனை இல்லை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மனநலத் திட்டம் ஒன்றின் அடிப்படையே, நிபுணர் இல்லாத இடத்தில் பொது மருத்துவரும் தாதியும் மனநல, போதைச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதுதான். அதே நிறுவனம் தயாரித்த ‘அசிஸ்ட்’ என்ற எட்டுக் கேள்விப் படிவத்தைப் பயிற்சி பெற்ற தாதி பத்து நிமிடத்தில் கேட்டு முடிப்பார். பிரஷர் கிளினிக் நடக்கும் நாளில், அதே வரிசையில் இதையும் கேட்கலாம்.

‘அதே வரிசையில்’ என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். லயத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். ‘போதைக் கிளினிக்’ என்று பலகை போட்ட தனி அறைக்கு எவனும் வரமாட்டான். தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கும் டிஸ்பென்சரியில் சொன்னால் துரை காதுக்குப் போகுமோ, பொலிஸுக்குப் போகுமோ என்ற பயம் வேறு. எழுதிய பதிவு யார் கையில் இருக்கும், யாருக்குக் காட்டக் கூடாது என்பதைச் சுகாதார அமைச்சு எழுத்தில் உறுதிசெய்தால் ஒழிய, எவ்வளவு நல்ல மருந்து வந்தாலும் வரிசையில் ஆள் நிற்காது.

பிறகு மொழி. பத்துத் தமிழ்ச் சொல் தெரிந்த டொக்டரால் பிரஷர் பார்க்க முடியும், காய்ச்சல் பார்க்க முடியும். ‘எப்போது எடுக்கத் தோன்றுகிறது, அப்பா அடித்தபோதா, வேலை போனபோதா, சும்மா இருக்கும்போதா?’ என்று கேட்டு, பதிலைக் கேட்டு, அந்தப் பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வியை எடுக்க அது போதாது. போதைச் சிகிச்சையில் பாதி வேலை பேச்சுத்தான். மருந்து மொழி பார்க்காது என்றாலும், அதைத் தொடர்ந்து எடுக்கவைப்பது பேச்சுத்தான். மொழிபெயர்க்கத் தங்கச்சியைக் கூட்டிவந்து உட்காரவைத்தால் அவன் எதையுமே சொல்லப்போவதில்லை.

பேராதனை என்ன செய்யலாம்

பேராதனை மருத்துவ பீடம் 1962இலிருந்து மலைநாட்டுக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியே வருகிறார்கள். எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும் என்பது வேறு கதை. தமிழ் பேசும் மருத்துவர், தாதி, ஆலோசகர் உருவாவதற்கு வேறு குறுக்கு வழி கிடையாது.

ஆனால் நிபுணர்கள் உருவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு இலங்கையிலேயே முன்மாதிரி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் சாதாரண மருத்துவர்களுக்கு உளமருத்துவ டிப்ளோமா நடத்துகிறது. நிபுணர் எட்டாத இடங்களில் அவர்களால் மனநலக் கிளினிக் நடத்த முடிகிறது. அதே பாதையில் போதைச் சிகிச்சைக்கும் ஒரு குறுகிய படிப்பை வைக்கலாம்.

எனக்கு இன்னும் பிடித்த முன்மாதிரி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டம். சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் நோய் நிபுணர், தன்னைப் பார்க்க நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருப்பதையும் நூற்றுக்கணக்கான மைல் தூரம் வருவதையும் பார்த்தார். நோயாளியை வரவழைப்பதற்குப் பதிலாகக் கிராமத்து மருத்துவர்களை வாரம் ஒரு தடவை வீடியோவில் ஒன்றுசேர்த்தார். ஒவ்வொருவரும் தன் நோயாளி ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், விளக்குவார். நிபுணர் குழுவும் மற்ற மருத்துவர்களும் யோசனை சொல்வார்கள். ஒருவருடைய சிக்கலில் எல்லோரும் படிப்பார்கள். ஈரல் அழற்சிக்குத் தொடங்கிய இந்த முறை பின்னர் ஓபியொயிட் சிகிச்சைக்கும் போனது.

இதை மலையகத்தில் வைத்துப் பாருங்கள். பேராதனையிலோ கண்டியிலோ ஒரு உளமருத்துவர், ஒரு மருந்தாளர், ஒரு சமூக சேவகர். மறுபக்கம் டிக்கோயா, லிந்துலை, பொகவந்தலாவை, பண்டாரவளை ஆஸ்பத்திரிகளின் மருத்துவர்களும் நாலைந்து தோட்ட வைத்திய உதவியாளர்களும். சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போவது நமக்குப் பழகியதுதானே. கட்டடம் கட்டத் தேவையில்லை, அடிக்கல் நடத் தேவையில்லை. அரசியல்வாதிகளுக்கு இதில் ஆர்வம் வராமல் போனால் அதுதான் காரணமாக இருக்கும்.

பல்கலைக்கழகத்தின் இன்னொரு வேலை எண்ணுவது. இந்தியாவில் அகில இந்திய மருத்துவக் கழகம் வீடுவீடாகப் போய் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதத்தினர் ஓபியொயிட் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டது. மாநிலம் மாநிலமாக எண் இருந்ததால் எங்கே மருந்து அதிகம் தேவை என்று பேச முடிந்தது. கைதுகளை வைத்துக் கணக்கிட்டால் பொலிஸ் எங்கே தேடியது என்பதுதான் தெரியும், நோய் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தோட்டத்தைக் கிராமத்தோடு கலக்காமல், தமிழில் கேள்வி கேட்டு எடுத்த கணக்கு வேண்டும். கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்களுக்கும் அடையாளம் காணும் பயிற்சி கொடுக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை பாடசாலைக்குப் பொலிஸ் வந்து பயமுறுத்திவிட்டுப் போவதைவிட, வகுப்பில் தூங்கி விழும் பையனைக் கவனித்துத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் ஆசிரியர் பயனுள்ளவர்.

இன்றைக்கே வீட்டில் ஒருவர் இருந்தால்

1927 என்ற இலக்கத்தில் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை கிடைக்கும். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி, அது சலுகை இல்லை.

ஆள் கூப்பிட்டு எழாமல், குறட்டை போல இழுத்து மூச்சு விட்டு, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தண்ணீர் தெளிப்பது, மோர் கொடுப்பது, அடித்து எழுப்புவது எதுவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றால், செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் அதைக் கொடுக்கலாம். பாதை மோசமான தோட்டமாக இருந்தால் லொறியோ முச்சக்கர வண்டியோ கிடைத்ததில் ஏற்றிப் பாதி வழியில் அம்புலன்ஸைச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கர்ப்பிணி ஒருத்தி எடுப்பது தெரிந்தால் திடீரென்று நிறுத்தச் சொல்ல வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆபத்து. மருத்துவிச்சியிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது என்ன எடுத்தான், எவ்வளவு, கடைசியாக எப்போது, கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ எடுத்தானா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். குடுவும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்து பல மடங்கு. இதை அறியாமல் டொக்டர் சரியான மருந்து கொடுக்க முடியாது. அவன் வர மறுத்தாலும் தாயோ மனைவியோ தனியாகப் போய் ஆலோசனையைத் தொடங்கலாம்.